தூக்குக் கயிறு யாருடைய கழுத்துக்கு?

பீகார் மாநிலம் கயா மாவட்டத்தின் பாரா கிராமத்தில் 1992 பிப்ரவரியில் நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்த 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அது கொடுஞ்செயல், அதை நியாயப்படுத்த எந்தக் காரணமும் கிடையாது. வழக்கு தடா சட்டத்தின் கீழ் நடந்தது. நால்வருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அனைவரும் ஏழைகள். 2002 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தண்டனையை உறுதி செய்தது. அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் தூக்கு கூடாது என்று மாறுபட்டு எழுதினார். ஒரு மனிதனின் உயிர் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தொங்கியது.

அதே பீகாரில், அதே பத்தாண்டில், வேறு இரு படுகொலைகள் நடந்தன. 1996 ஜூலையில் போஜ்பூர் மாவட்டம் பதானி டோலாவில் 21 பேரையும், 1997 டிசம்பர் 1 இரவு லக்ஷ்மண்பூர் பாத்தேயில் 58 பேரையும் ரண்வீர் சேனா என்ற நிலப்பிரபுக்களின் தனியார் படை கொன்று குவித்தது. இறந்தவர்கள் தலித்துகளும் பிற உழைக்கும் ஏழைகளும்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இவ்விரு வழக்குகளிலும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வரவே 2010 ஆயிற்று. பதானி டோலா வழக்கில் மூவருக்குத் தூக்கு, 20 பேருக்கு ஆயுள் தண்டனை. பாத்தே வழக்கில் 16 பேருக்குத் தூக்கு, 10 பேருக்கு ஆயுள். பாட்னா உயர் நீதிமன்றம் 2012இல் முதல் வழக்கின் 23 பேரையும், 2013இல் இரண்டாம் வழக்கின் 26 பேரையும் விடுதலை செய்தது. கண்முன்னே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் சாட்சியம் நம்பத்தக்கதன்று என்று தள்ளப்பட்டது. வெண்மணியில் 44 பேர் தீக்கிரையான வழக்கில் நிலப்பிரபுக்களை விடுவித்து 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு தமிழகத் தோழர்களுக்கு நினைவூட்டப்பட வேண்டியதில்லை.

பாரா வழக்கின் நால்வரும் தூக்குமேடைக்குச் செல்லவில்லை. கருணை மனு ஆண்டுக்கணக்கில் கோப்புகளுக்கிடையே கிடந்து, உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரையையும் மீறி, 2017 ஜனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மட்டும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அவர்கள் ஒவ்வொரு விடியலையும் கடைசி விடியலாக எண்ணிக் கழித்தனர்.

இவ்வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது சிலர் எழுப்பும் கேள்வி உண்டு: ரண்வீர் சேனாவின் கொலைகாரர்களையும் தூக்கிலிட்டிருந்தால் நியாயம் சரியாகியிருக்குமா? கயிற்றைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்பது உழைக்கும் மக்களின் கோரிக்கையாக இருந்ததில்லை. பாத்தேயிலும் பதானி டோலாவிலும் மக்களுக்கு மறுக்கப்பட்டது நேர்மையான புலன்விசாரணையும், சாட்சிகளுக்கான பாதுகாப்பும், குற்றம் நிரூபணமாகும் உறுதியும்தான். காவல்துறை யாருக்கு எதிராகச் சுறுசுறுப்பாகவும் யாருக்காக மெத்தனமாகவும் இயங்குகிறது என்பதே இறுதியில் யார் கழுத்தில் கயிறு விழும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீதிபதி தண்டனையைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் முன்பே பாதி முடிவு காவல் நிலையத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

மரண தண்டனை செல்லும் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டுமே அது விதிக்கப்பட வேண்டும். குற்றத்தை மட்டுமின்றிக் குற்றவாளியின் சூழலையும் திருந்தும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும் என்பது அதன் விதி. மாறுபட்டு நின்ற நீதிபதி பி.என்.பகவதி, இத்தண்டனை தன்னிச்சையாகவே விதிக்கப்படும், பெரும்பாலும் ஏழைகளையே தாக்கும் என்று விரிவாக எழுதினார். அடுத்து வந்த நாற்பதாண்டுகள் யார் சொன்னது சரி என்பதைக் காட்டியுள்ளன.

ஒரே சான்று போதும். உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தின் நால்வரைக் கூட்டாகக் கொன்ற வழக்கில் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. குற்றம் ஒன்று, பங்கு ஒன்று, தீர்ப்பும் ஒன்று. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் சென்றனர். தனித்தனி அமர்வுகள் விசாரித்தன. ஒருவரின் மனு தள்ளுபடியாகி 1981 அக்டோபர் 6 அன்று தூக்கிலிடப்பட்டார். இன்னொருவரின் தண்டனையை வேறொரு அமர்வு முன்பே ஆயுளாகக் குறைத்திருந்தது. மூன்றாமவர் முதலாமவரோடு அதே நாளில் தூக்கிலிடப்பட வேண்டியவர். கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டுத் தடையாணை பெற்றார். அவருடைய வழக்கு, ஹர்பன்ஸ் சிங் வழக்கு என்ற பெயரில் 1982இல் முடிவானபோதுதான், ஏற்கெனவே ஒருவர் இறந்துவிட்டார் என்ற சங்கடத்தை நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்தது. அவருக்கும் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. முதலாமவருக்குச் செய்யக் கூடியது எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்குவோர் 1996இன் ராவ்ஜி தீர்ப்பைப் பார்க்கலாம். குற்றவாளியின் சூழலைப் பார்க்க வேண்டியதில்லை, குற்றத்தின் கொடூரமே போதும் என்று அத்தீர்ப்பு கூறியது. இது பச்சன் சிங் தீர்ப்புக்கு நேர் விரோதம். ஆயினும் பின்வந்த பல வழக்குகளில் அதுவே முன்மாதிரியாகப் பின்பற்றப்பட்டது. 2009இல்தான், பரியார் வழக்கில், ராவ்ஜி தீர்ப்பு சட்டத்தைக் கவனியாமல் வழங்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 2012இல் ஓய்வுபெற்ற 14 நீதிபதிகள் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதி, இவ்வாறு தவறாகத் தூக்கு விதிக்கப்பட்ட 13 பேரின் தண்டனையைக் குறைக்குமாறு வேண்டினர். ராஜஸ்தானைச் சேர்ந்த இருவர் 1996லும் 1997லும் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டனர் என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். தவறாகச் சிறையிட்டவனை வெளியே விடலாம், இழப்பீடு தரலாம். அவ்விருவர் விஷயத்தில் அரசு யாரிடம் மன்னிப்புக் கேட்கும்?

யார் இவர்கள் என்பதற்குத் தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நாடெங்கும் சிறைகளுக்குச் சென்று தயாரித்து 2016இல் வெளியிட்ட அறிக்கை விடை தருகிறது. தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 சதவீதத்தினர் பொருளாதார ரீதியில் நலிந்தவர்கள். 76 சதவீதத்தினர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகங்களையும் மதச் சிறுபான்மையினரையும் சேர்ந்தவர்கள். 12 பெண் கைதிகள் இருந்தனர். அவர்களில் ஒருவர்கூட இந்த வட்டத்துக்கு வெளியே இல்லை. பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள் 23 சதவீதம். நடைபெறுவது என்னவென்று புரியாத மொழியில் நடக்கும் விசாரணை, கட்டணம் கொடுக்க முடியாமல் மாற்றிக்கொண்டே இருக்கும் வழக்கறிஞர், கைதான நாளிலிருந்து குடும்பத்துக்குச் சேதி கூடச் சொல்லாத காவல்துறை ஆகிய இவற்றின் கூட்டுத்தொகைதான் இப்புள்ளிவிவரம். இந்நாட்டில் கொலையும் கொடுமையும் ஏழைகளின் தனிச்சொத்து என்று நம்பத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டுமே இதில் வியப்பு ஏதும் தோன்றாது.

அதே அறிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு கணக்கும் உண்டு. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளில் இறுதிவரை நிலைத்தவை ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஏறத்தாழ 30 சதவீத வழக்குகளில் தூக்கு விதிக்கப்பட்டவர்கள் முற்றிலும் விடுதலையாயினர். நூற்றில் முப்பது பேர் விஷயத்தில் தவறும் ஒரு கருவியை எந்தத் தொழிற்சாலையிலும் பயன்பாட்டில் வைத்திருக்க மாட்டார்கள்.

தவறு எப்படி நேர்கிறது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ஒரு வழக்கை விரிவாகவே சொல்ல வேண்டும். 2003இல் நடந்த ஒரு கொலை, வல்லுறவு வழக்கில் நாடோடிப் பழங்குடிகளைச் சேர்ந்த ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் மூவரின் தூக்கை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதையும் மாற்றி ஆறு பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. உயிர் தப்பிய சாட்சி, சம்பவத்துக்குப் பின் காவல்துறை காட்டிய புகைப்படங்களிலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவில்லை. அந்த உண்மை நீதிமன்றத்தின் பார்வைக்கே கொண்டுவரப்படவில்லை. அது வெளிச்சத்துக்கு வந்து, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று ஆறு பேரையும் விடுதலை செய்தது. அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறார் என்பதும் தெரியவந்திருந்தது. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவாயிற்று. பதினாறு ஆண்டுச் சிறைவாசத்தின் விலை அது. உண்மைக் குற்றவாளிகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

புனேயில் 1994இல் நடந்த கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டு 28 ஆண்டுகள் சிறையிலிருந்த ஒருவர், குற்றம் நடந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்று 2023இல்தான் நிரூபணமானது. அக்‌ஷர்தாம் வழக்கில் மூவர் தூக்கு நிழலிலும் மற்ற மூவர் பிற தண்டனைகளோடும் ஆண்டுக்கணக்கில் அவதியுற்று, 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றத்தால் நிரபராதிகள் என விடுவிக்கப்பட்டனர். அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான நாள். செய்தி உரிய கவனத்தைப் பெறாமல் போனது. 180க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2006 ஜூலை மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுளும் விதிக்கப்பட்டன. 2025 ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுதலை செய்தது. தூக்கு விதிக்கப்பட்ட ஐவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் இறந்துவிட்டிருந்தார். மகாராஷ்டிர அரசு மேல்முறையீடு செய்துள்ளது. விடுதலையானவர்கள் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. 19 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்த ரயில்களில் உறவுகளை இழந்த குடும்பங்களின் கையில் விடை ஏதும் இல்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் ஒட்டுமொத்தமாகத் தூக்கு விதித்ததையும், மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை நால்வரோடு நிறுத்தியதையும் தமிழக மக்கள் கண்டனர். பேரறிவாளனின் வாக்குமூலத்தில் அவருக்குச் சாதகமான ஒரு பகுதியைத் தாம் பதிவு செய்யவில்லை என்று அதைப் பதிவு செய்த காவல் அதிகாரியே ஓய்வுக்குப் பின் 2013இல் கூறினார். பேரறிவாளன் வெளியே வர 2022 மே ஆயிற்று.

பெண்கள் மீதான கொடுமைகளுக்குத் தூக்கே தீர்வு என்ற குரல் ஒவ்வொரு கொடூரத்தின் பின்னும் எழுகிறது. அக்குரலின் பின்னாலுள்ள கோபம் நியாயமானது. அதை இகழ்வது இடதுசாரிகளின் வேலையன்று. ஆனால் அக்கோபத்தை ஆட்சியாளர்கள் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2012 தில்லிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, பெண்கள் அமைப்புகளின் கருத்துகளையும் கேட்டு, வல்லுறவுக் குற்றத்துக்கு மரண தண்டனை தேவையில்லை என்றது. காவல்துறைச் சீர்திருத்தம், பொதுப் போக்குவரத்து, ஆயுதப் படையினருக்கான சட்டக் கவசம், மணவுறவுக்குள் நடக்கும் வல்லுறவு எனப் பல ஆழமான பரிந்துரைகளையும் அளித்தது. அரசு அந்தப் பரிந்துரைகளில் கடினமானவற்றைக் கைவிட்டு, குழு வேண்டாம் என்ற தூக்கைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. தூக்குக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அது ஆட்சியாளர்களுக்குப் பிடித்திருப்பதில் வியப்பில்லை.

கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் 2024 ஆகஸ்டில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபோதும் இதுவே நடந்தது. பணியிடப் பாதுகாப்பு எங்கே, நிர்வாகத்தின் பொறுப்பு என்ன என்று மருத்துவர்களும் பொதுமக்களும் இரவுகளில் வீதிக்கு வந்து கேட்டனர். திரிணாமூல் அரசு ஒரு மாதத்துக்குள் தூக்கு விதிக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிக் காட்டியது. 2025 ஜனவரியில் சியால்டா நீதிமன்றம் ஒருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது முதலமைச்சர் தூக்கு கேட்டு உயர் நீதிமன்றம் செல்வதாக அறிவித்தார். நிர்வாகத்தின் மீது வைக்கப்பட்ட கேள்விகள் அந்த ஆரவாரத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டன.

உடுமலை சங்கர் ஆணவக் கொலை வழக்கு இன்னும் கடினமானது. 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது சாதி ஒழிப்பு இயக்கத்தினர் பலர் வரவேற்றனர், அது புரிந்துகொள்ளத்தக்கதே. 2020இல் உயர் நீதிமன்றம் ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்து, முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டிருந்த பெண்ணின் தந்தையை விடுதலை செய்தது. அத்தீர்ப்பின் வேதனை தூக்கு நீங்கியதில் இல்லை. சதி நிரூபிக்கப்படவில்லை என்று ஆனதில் இருக்கிறது. ஆணவக் கொலைகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை ஏன் முக்கியமானது என்பதை அதுவே சொல்கிறது.

இந்த விஷயத்தில் இடதுசாரி இயக்கத்தின் நிலைபாடு மனிதாபிமானத்தில் மட்டும் ஊன்றியதன்று. கோவை ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்களான சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்டனர். கையூர் விவசாயிகள் நால்வர் 1943 மார்ச் 29 அன்று கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஐந்தாமவர் வயது குறைந்தவர் என்பதால் தப்பினார். பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோரை லாகூரில் கொன்ற கயிறும் இதுதான். சுதந்திர இந்தியாவில் தெலுங்கானா விவசாயப் போராளிகள் 12 பேருக்கு விதிக்கப்பட்ட தூக்கு, நாட்டிலும் உலகெங்கிலும் எழுந்த இயக்கத்தால்தான் நீங்கியது. போராடும் மக்களை அடக்க அரசு கையில் வைத்திருக்கும் கடைசி ஆயுதம் எது என்பதை இயக்கம் தன் உடலில் அறிந்துள்ளது. நாகரிகத்தைப் பெருமையாகக் கொள்ளும் சமூகம் எந்தக் கோட்பாட்டின் மீது நின்று தூக்கை நியாயப்படுத்த முடியும் என்று 1853இல் நியூயார்க் ட்ரிப்யூன் ஏட்டில் மார்க்ஸ் கேட்டார்; குற்றங்களைப் பெற்றெடுக்கும் அமைப்பை மாற்றுவது பற்றி யோசிக்காமல் தூக்கிலிடுபவனைப் போற்றுவதை அவர் சாடினார். சில சோஷலிச நாடுகளில் இத்தண்டனை இன்றும் இருப்பதை எடுத்துக்காட்டி வாதிடுவோர் உண்டு. அங்கும் திசை மாறி வருகிறது: வியட்நாம் 2025இல் 8 குற்றங்களுக்கு மரண தண்டனையை நீக்கியது.

அரசியல் நிர்ணய சபையில் 1949 ஜூனிலேயே டாக்டர் அம்பேத்கர் இத்தண்டனையை ஒழிப்பதே மேல் என்று பேசினார். சட்ட ஆணையம் 2015இல் தன் 262ஆவது அறிக்கையில், பயங்கரவாதமும் அரசுக்கெதிரான போரும் நீங்கலாக மற்றெல்லாக் குற்றங்களுக்கும் ஒழிக்கப் பரிந்துரைத்தது. விதிவிலக்கு தவறானது; மேலே கண்ட தவறுகளில் பல அவ்வகை வழக்குகளில்தான் நேர்ந்தன. பரிந்துரையின் நல்ல பாதியைக்கூட மோடி அரசு ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தூக்கு விதிக்கத்தக்க குற்றங்களின் பட்டியலை நீட்டியுள்ளது. கும்பல் கொலைக்குத் தூக்கு உண்டு என்று உள்துறை அமைச்சர் பெருமைப்பட்டுக்கொண்டார். அப்பிரிவில் இனம், சாதி, பால், பிறப்பிடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை ஆகியவை உண்டு; மதம் என்ற சொல் மட்டும் இல்லை.

இதைவிட ஆபத்தானது உடன் வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 472ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியான செய்தியைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த 30 நாட்களுக்குள் கைதி கருணை மனு அளித்தாக வேண்டும். மனுவை அவரோ, சட்டப்படியான வாரிசோ, உறவினரோ மட்டுமே அளிக்கலாம். குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநரின் முடிவே இறுதியானது. அது எவ்வாறு எட்டப்பட்டது என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. 2014 ஜனவரியில் சத்ருகன் சௌகான் வழக்கில் 15 பேரின் உயிரைக் காத்தது, கருணை மனுவில் நேர்ந்த காலதாமதத்தையும் கைதிகளின் மனநலத்தையும் உச்ச நீதிமன்றம் விசாரித்ததுதான். அந்த வாசலை அடைக்கவே இப்பிரிவு. 2013 பிப்ரவரியில் அப்சல் குரு தூக்கிலிடப்பட்ட செய்தி கடிதமாக அவர் குடும்பத்தை அடைந்தபோது அவர் புதைக்கப்பட்டு இரு நாட்கள் ஆகியிருந்தன. அவ்வகை ரகசியத்துக்குச் சட்டப் போர்வை தேடுவதாகவே இது தெரிகிறது. அரசமைப்புச் சட்டம் 32ஆவது பிரிவில் தரும் உரிமையைச் சாதாரணச் சட்டம் பறிக்க இயலாது என்று வாதிடலாம்; அந்த வாதத்தை எழுப்பக் கைதிக்கு ஒரு வழக்கறிஞர் முதலில் வேண்டும்.

2023 இறுதியில் நாட்டின் சிறைகளில் தூக்கை எதிர்நோக்கி 561 பேர் இருந்தனர். அந்த ஆண்டில் விசாரணை நீதிமன்றங்கள் 120 பேருக்குத் தூக்கு விதித்தன. உச்ச நீதிமன்றம் ஒன்றைக்கூட உறுதி செய்யவில்லை. தண்டனைக்கு முன் குற்றவாளியின் வாழ்க்கைப் பின்னணி, மனநிலை பற்றிய அறிக்கைகளை விசாரணை நிலையிலேயே பெற வேண்டும் என்று 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை கீழமை நீதிமன்றங்களில் இன்னும் முறையாகப் பின்பற்றப்படவில்லை. குற்றத்தீர்ப்பு வந்த அதே நாளிலோ மறுநாளோ தூக்கு அறிவிக்கும் பழக்கம் தொடர்கிறது.

மரண தண்டனையை முற்றிலும் ஒழிக்கச் சட்டத் திருத்தம், அதுவரை எல்லாத் தூக்குகளையும் நிறுத்திவைத்தல், 472ஆவது பிரிவை நீக்குதல் ஆகியவை நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வலியுறுத்தப்பட வேண்டியவை. அதற்கு முன்பே செய்யத்தக்க வேலையும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் மத்தியச் சிறைகளில் உள்ள தூக்குக் கைதிகள் யார், எந்தக் கட்டத்தில் அவர்களின் வழக்கு உள்ளது, வழக்கறிஞர் இருக்கிறாரா, 30 நாள் கெடு பற்றி அவர் குடும்பத்துக்குத் தெரியுமா என்ற விவரங்களைக் கட்சியின் மாநிலக் குழுக்களும் வழக்கறிஞர் அரங்கத் தோழர்களும் திரட்ட வேண்டும். பிற அமைப்புகள் மனு அளிக்க முடியாத நிலையில், ஏதோ ஒரு கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயோ சகோதரனோதான் அந்த மனுவில் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். அவர்களை அந்தக் கெடுவுக்குள் தேடிச் சென்று சேர்வது உள்ளூர்க் கிளைகளால் முடியக்கூடிய காரியம்.